ஜந்தர் மந்தருக்கு அரை மணி, கடைக்கு இரண்டு மணி

பழைய வண்ணாரப்பேட்டையைச் சேர்ந்த நாங்கள் ஐந்து பேர், சென்ற அரையாண்டு விடுமுறையில், வட சென்னையிலேயே அலுவலகம் வைத்திருக்கும் ஒரு சுற்றுலா ஏற்பாட்டாளருடன் டெல்லி, ஆக்ரா, ஜெய்ப்பூர் ஆகிய ஊர்களுக்குச் சென்று வந்தோம். ஊர் பார்ப்பதோடு கைவினைப் பொருள்களும் வாங்க வேண்டும் என்பது என் அம்மாவின் விருப்பம். நாற்பது ஆண்டுகளாக எம்.சி. ரோட்டில் துணி எடுத்துப் பழகியவர் அவர்.

ரயில், தங்குமிடம், சாப்பாடு ஆகியவற்றில் குறையில்லை. குழுவோடு வந்த சமையல்காரர் டெல்லிக் குளிரிலும் வேளை தவறாமல் ரசம் வைத்தார். தாஜ்மகாலுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை என்பதையும் கணக்கில் கொண்டே நாள்களை அமைத்திருந்தார்கள். பனிமூட்டம் மட்டும் யார் கையிலும் இல்லை. காலை பத்து மணி வரை எதிரே வெண்மையைத் தவிர வேறொன்றும் தெரியவில்லை.

குறை கடைகளில் தொடங்கியது. ஆக்ராவில் இறக்கிவிட்ட கடையில், தாஜ்மகாலில் உள்ளதைப் போன்ற கல் பதிப்பு வேலை என்று சொல்லி ஒரு தட்டை நீட்டினார்கள். தாஜ்மகாலின் பளிங்கு ராஜஸ்தானின் மக்ரானாவிலிருந்து வந்தது. நல்ல பளிங்கின் பின்னால் கைப்பேசி விளக்கைப் பிடித்தால் ஒளி ஊடுருவித் தெரியும், நகத்தால் கீறினால் கோடு விழாது. நாங்கள் பார்த்த தட்டில் நகம் பட்டதுமே கோடு விழுந்தது. அது மாக்கல், விலை மட்டும் பளிங்கின் விலை.

ஜெய்ப்பூரில் நடந்ததுதான் மனத்தை அதிகம் உறுத்தியது. அங்குள்ள ஜந்தர் மந்தர், 2010-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்க்கப்பட்ட வானாய்வுக் கூடம். சுமார் 27 மீட்டர் உயரமுள்ள சூரியக் கடிகாரமான சாம்ராட் யந்திரத்தின் நிழல், நொடிக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் நகர்வதைக் கண்ணால் பார்க்க என் மகள் மிகவும் ஆசைப்பட்டிருந்தாள். அங்கே எங்களுக்குக் கிடைத்தது அரை மணி நேரம். அடுத்து நிறுத்திய துணிக்கடையில் கழிந்ததோ இரண்டு மணி நேரம். கையால் மரக்கட்டை வைத்து அச்சிடும்போது, ஒரு பதிவு முடிந்து அடுத்தது தொடங்கும் இடத்தில் சிறு பிசகாவது இருக்கும். கட்டை அச்சு என்று சொல்லிக் கடைக்காரர் விரித்த போர்வையை அம்மா திருப்பிப் பார்த்துவிட்டு, "இது கட்டையில அடிச்சதே இல்லடா தம்பி, வா, வண்டியில போய் உட்காரலாம்" என்று எழுந்துவிட்டார்.

மறுநாள் குழுவை விட்டுப் பிரிந்து, தனி வாடகைக் காரில், அஜ்மீர் சாலையில் சுமார் 30 கி.மீ. தொலைவிலுள்ள பக்ரூவுக்குப் போனோம். பயணம் முழுவதிலும் எங்களுக்கு நிறைவளித்த பொழுது அதுவே. சீப்பா சமூகத்தினர் தலைமுறைகளாகத் துணி அச்சிடும் ஊர் அது. முதலில் துணியைக் கடுக்காய் நீரில் நனைத்து மஞ்சள் பாரிக்க வைக்கிறார்கள். துருப்பிடித்த இரும்பையும் வெல்லத்தையும் ஊறவைத்துக் கறுப்புச் சாயம் எடுக்கிறார்கள். நீலம் ஏறக் கூடாத இடங்களில் 'தாபு' எனப்படும் சேற்றுக் குழம்பை அச்சிட்டு, பிறகு அவுரித் தொட்டியில் முக்குகிறார்கள். கடுக்காய் என்றதும் அம்மாவுக்கு மொழியே தடையாக இல்லை. துணி வெளுப்பவர்களால் பெயர் பெற்ற பேட்டையிலிருந்து போனவர்கள் என்பதாலோ என்னவோ, வெயிலில் விரித்திருந்த துணிகளை விட்டு வர எங்களுக்கும் மனம் வரவில்லை. இரண்டு போர்வைகளும் ஒரு சேலையும், பேரம் பேசத் தோன்றாத விலையில் வாங்கினோம்.

அவ்வளவு தூரம் போக இயலாதவர்களுக்கு, டெல்லியில் ஐ.என்.ஏ. மெட்ரோ நிலையத்தை ஒட்டி 1994-இல் தொடங்கப்பட்ட தில்லி ஹாட் என்னும் கைவினைச் சந்தையைச் சொல்வேன். நுழைவுக் கட்டணம் உண்டு. கடைகள் சுழற்சி முறையில் பல மாநிலக் கைவினைஞர்களுக்கு ஒதுக்கப்படுகின்றன. ஜெய்ப்பூர் நீலக் கிண்ணங்களை அங்கேதான் எடுத்தோம். களிமண் சேராமல் குவார்ட்சுப் பொடியில் செய்யப்படுபவை என்பதால் எளிதில் உடையும். ஒன்று பேசின் பிரிட்ஜ் வருவதற்குள் பெட்டிக்குள்ளேயே உடைந்துவிட்டது.

இதே ஏற்பாட்டாளருடன் மறுபடியும் போவோம். ஆனால் எந்தக் கடையில், எவ்வளவு நேரம் வண்டி நிற்கும் என்பதைப் பயணத் திட்டத்தில் அச்சிட்டுத் தந்த பிறகே முன்பணம் கட்டுவோம் என்று அவரிடம் சொல்லிவிட்டோம்.