கோடையில் ஓர் அரை பைண்டர்: ஓராண்டு அணிந்து பார்த்தபின்

சென்ற ஆண்டு சித்திரையில், ஓர் இணையக் கடையில் 1,650 ரூபாய்க்கு வாங்கிய அரை பைண்டரை ஓராண்டுக்கு மேல் அணிந்துவிட்டேன். திருமங்கலத்தில் மாடியறை ஒன்றில் வாடகைக்கு இருந்துகொண்டு, நாள்தோறும் பேருந்தில் மதுரைக்கு வேலைக்குச் சென்று திரும்பும் ஒரு திருநம்பிக்கு (பிறப்பில் பெண் என்று குறிக்கப்பட்ட ஆணுக்கு), மார்பைத் தட்டையாகக் காட்டும் இந்த உள்ளாடை எங்கே உதவியது, எங்கே கைவிட்டது என்பதைச் சொல்கிறேன். இதைக் கச்சு என்று அழைக்கலாமே என்று நண்பர் ஒருவர் கேட்டார். பழம்பாடல்களில் கச்சு எதை எடுத்துக்காட்டியதோ அதை மறைப்பதற்கான ஆடைக்கு அந்தப் பெயரைச் சூட்ட எனக்கு மனம் வரவில்லை. பைண்டர் என்றே இருக்கட்டும்.

இதற்கு முன் மருந்துக்கடையில் விற்கும் க்ரேப் பேண்டேஜைத்தான் சுற்றிக்கொண்டிருந்தேன். சுளுக்குக்கு உரிய அந்தத் துணி, நாம் மூச்சை வெளியே விடும்போதெல்லாம் சற்று இறுகி, உள்ளே இழுக்கும்போது அதே அளவுக்கு விட்டுக்கொடுக்காமல், மாலைக்குள் விலா எலும்பைப் பிடித்துவிடும். பைண்டரின் அமைப்பு வேறு. முன்பக்கத்தில் இழுபடாத துணியும் அதன்மேல் மென்மையான துணியுமாக இரண்டு அடுக்குகள் இருக்கின்றன. முதுகுப்பக்கம் மட்டும் நெகிழும் நைலான், ஸ்பான்டெக்ஸ் கலவை என்பதால், மூச்சிழுக்கும்போது உடல் விரிவதற்கு இடம் கிடைக்கிறது. நான் வாங்கியது மார்புக்குச் சற்றுக் கீழே முடிந்துவிடும் அரை அளவு. இடுப்புவரை வரும் முழு அளவுப் பைண்டரை நண்பரிடம் வாங்கி ஒருநாள் அணிந்தேன். நாற்காலியில் உட்கார்ந்ததும் வயிற்றிலிருந்து பாய்போலச் சுருண்டு மேலே ஏறியது. உட்கார்ந்தே வேலை செய்கிறவர்கள், சிறிது தொப்பையும் இருந்தால், அதன் பக்கம் போக வேண்டாம்.

அளவு விஷயத்தில் நான் செய்த தவறைப் பலரும் செய்கிறார்கள். கடையின் அளவுப் பட்டியல்படி எனக்கு எம் சரியாக இருந்தும், இன்னும் தட்டையாகத் தெரியும் என்ற ஆசையில் எஸ் வாங்கினேன். முதல் நாள் அதைத் தலைவழியாக மாட்டியவன், தோளில் சிக்கிக்கொண்டு, கையைக் கீழே இறக்கவும் முடியாமல், கழற்றவும் முடியாமல், குளியலறையில் கால்மணி நேரம் நின்றேன். உள்ளாடையைத் திருப்பி எடுப்பதில்லை என்று கடை மறுத்துவிட்டதால் மீண்டும் பணம் கொடுத்தே எம் வாங்க வேண்டியதாயிற்று. அணிந்தபின் விளிம்புக்கடியில் இரண்டு விரல்கள் நுழைய வேண்டும். ஆழமாக மூச்சிழுத்தாலும், இருமினாலும், மாடிப்படி ஏறினாலும் நெஞ்சு அடைக்கக் கூடாது. இவற்றில் ஒன்று தவறினாலும் அது உங்கள் அளவன்று.

எட்டு மணி நேரத்துக்கு மேல் அணியக் கூடாது, அணிந்தபடி உறங்கக் கூடாது என்பது பைண்டர் அணிகிறவர்களிடையே பரவலாகச் சொல்லப்படும் விதி. காலை எட்டேகாலுக்கு வீட்டை விட்டுக் கிளம்பி இரவு ஏழேகாலுக்குத் திரும்புகிறவனுக்கு அந்தக் கணக்கு பதினொரு மணி நேரம் ஆகிறது. 2017-இல் வெளியான ஆய்வொன்றில், மார்பை இறுக்கும் வழக்கமுடைய 1,800 பேரில் 97 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோர் ஏதேனும் ஓர் உடல் தொல்லையைக் கூறியிருந்தனர்; முதுகுவலியும் உடல் சூடேறுவதும் ஒவ்வொன்றும் பாதிப் பேருக்கு மேல் இருந்தன. வாரத்தில் சில நாள்கள் அணியாமல் இருப்பது தொல்லையைக் குறைக்கும் என்பதும் அந்த ஆய்வு காட்டிய வழி. ஆகவே இப்போது பேருந்துப் பயணத்தில் அணிவதில்லை. தளர்ந்த சட்டை போட்டு, பையை மார்போடு அணைத்துக்கொண்டு நிற்கிறேன். அலுவலகம் சேர்ந்தபின் கழிப்பறையில் அணிந்து, கிளம்புவதற்கு முன் கழற்றிப் பையில் வைத்துவிடுகிறேன். ஞாயிற்றுக்கிழமை தொடுவதே இல்லை. ஆஸ்துமாவோ முதுகெலும்பு வளைவோ உள்ளவர்கள் மருத்துவரிடம் கேட்காமல் வாங்கக் கூடாது.

உண்மையான சோதனை கத்திரி வெயிலில்தான். நைலான் வியர்வையை உறிஞ்சாது. இரண்டு அடுக்குத் துணிக்கும் தோலுக்கும் இடையில் தேங்கும் ஈரத்தில் முதலில் வேர்க்குரு வந்தது, பிறகு மார்பின் கீழ் மடிப்பில் படர்தாமரை வந்தது. தோல் மருத்துவர் களிம்பு எழுதிக் கொடுத்து, இரண்டு வாரம் அணியக் கூடாது என்றார். உள்ளே மெல்லிய பருத்திப் பனியன் அணிந்து அதன்மேல் பைண்டரைப் போடுவது ஓரளவு உதவுகிறது, தட்டைத்தன்மை சற்றுக் குறைந்தாலும். துவைப்பது இன்னொரு தொல்லை. கையால் அலசி, முறுக்காமல் பிழிந்து, நிழலில் உலர்த்த வேண்டும். என் வீட்டு மொட்டைமாடிக் கொடியோ வீட்டுக்காரர் குடும்பத்துக்கும் பொதுவானது. அவர்கள் கண்ணில் படாதிருக்கத் துண்டுக்கடியில் மறைத்துக் காயப்போட்டால், மறுநாள் காலையிலும் விளிம்புத் தையல் ஈரமாகவே இருக்கும். ஈரத்தோடு அணிந்ததால் வந்ததே அந்தப் படர்தாமரை என்று நினைக்கிறேன். ஒரே ஒரு பைண்டரை வைத்துக்கொண்டு தமிழ்நாட்டுக் கோடையைக் கடக்க முடியாது.

மேலே என்ன அணிகிறோம் என்பதில் பாதி வேலை முடிந்துவிடுகிறது. உடலோடு ஒட்டும் பின்னல் துணியும் வெள்ளைச் சட்டையும் பைண்டரின் விளிம்பைக் காட்டிக்கொடுக்கின்றன; அடர்நிறக் கட்டம் போட்ட சட்டையில், மார்பில் இருபுறமும் சட்டைப்பை வைத்துத் தைத்திருந்தால், பைண்டர் இல்லாத நாளிலும் யாரும் உற்றுப் பார்ப்பதில்லை. ஆயத்தச் சட்டைகள் எனக்குத் தோளில் தொங்கி இடுப்பில் பிடிக்கும். தெருமுனைத் தையல்காரர் அளவெடுத்துவிட்டு, "இடுப்புல கொஞ்சம் லூசா விட்டு, சைடுல ஓப்பன் வச்சுடவா தம்பி?" என்று மட்டும் கேட்டார். கூலி 350 ரூபாய். பைண்டருக்கு அடுத்தபடியாக நான் பயனுள்ளதாகச் செலவழித்த பணம் அது. வீட்டில் இருக்கும் நேரத்துக்குத் திருப்பூர்ப் பின்னலாடையே போதும்: 90 அளவு கைவைத்த பனியனும் ஆண்களுக்கான பருத்தி ஜட்டியும். இவற்றை அளவு சொல்லி வாங்கிவிடலாம். போட்டுப் பார்க்கும் அறையில் யார் கேள்விக்கும் பதில் சொல்லத் தேவையில்லை.

தையல் ஓராண்டாகப் பிரியவில்லை. பின்பக்க நெகிழ்ச்சி மட்டும் தளர்ந்து, முன்பு இரண்டு விரல் நுழைந்த இடத்தில் இப்போது மூன்று நுழைகின்றன. குறைகளோடு சேர்த்தே ஐந்துக்கு மூன்றரை கொடுப்பேன். போன வாரம் அதே கடையில் சாம்பல் நிறத்தில் இன்னொன்றுக்குப் பணம் கட்டியிருக்கிறேன், எம் அளவில். பக்கவாட்டில் கொக்கி வைத்தது.