கற்றல் அட்டையா, கேள்வியா? இரண்டையும் ஓட்டிப் பார்த்தவளின் கணக்கு

சிவகங்கைப் பக்கம் ஓர் ஈராசிரியர் பள்ளி. நான்காம், ஐந்தாம் வகுப்புகள் என் பொறுப்பு. சேர்த்து 22 பிள்ளைகள். அட்டை என்றால் பிள்ளை தானே எடுத்துப் படிப்படியாக ஏறும் கற்றல் அட்டை. கேள்வி என்றால் விடையைச் சொல்லாமல் பிள்ளைகளையே செய்துபார்த்துக் கண்டுபிடிக்க விடுவது. அறிவியலுக்கு அட்டையை விட்டுக் கேள்விக்கு மாறிவிட்டேன். ஆகையால் என் தராசு ஒரு பக்கம் சாய்ந்தேதான் இருக்கும். வாசித்து, விளக்கி, வினா-விடை எழுதிப்போடும் பழைய முறையை இதில் சேர்க்கவில்லை. அதன் நிறை குறை எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

ஆந்திராவின் ரிஷிவேலிப் பள்ளி மாதிரியைப் பார்த்து 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிய செயல்வழிக் கற்றல் என்ற இந்த அட்டை வழி, 2007-08இல் மாநிலம் முழுக்க வந்தது. அட்டைகளை வரிசைப்படுத்திய ஏணிப்படி, குழு, சுவரடியில் பிள்ளைகளுக்கு எட்டும் கரும்பலகை. டீச்சரும் பாயில்தான் உட்கார வேண்டும். அதன் பெரிய பலம், பள்ளிக்கு வராத பிள்ளையை அது கைவிடாது. கோயில் கொடைக்கு ஊருக்குப் போய்ப் பத்து நாள் கழித்து வந்தாலும் விட்ட படியிலிருந்து ஏறலாம். கேள்வி வழியில் இது நடக்காது. பயறு முளைத்த அன்று வராதவள் அதைப் பார்க்காதவள்தான்.

அந்தப் பயறையே சொல்கிறேன். விதை முளைக்க என்னென்ன வேண்டும் என்று கேட்டேன். தண்ணீர், காற்று, வெயில் என்று வகுப்பே கத்தியது. அட்டை என்றால் அந்த இடத்திலேயே சரி, தவறு தெரிந்துவிடும். நான் எதுவும் சொல்லவில்லை. நான்கு கொட்டாங்குச்சியில் ஈரத்துணி விரித்துப் பச்சைப்பயறு போட்டோம். இரண்டு சன்னலில், இரண்டு பீரோவுக்குள். நாலாம் நாள் பீரோவைத் திறந்தால், உள்ளே இருந்தவை சன்னல் முளைகளைவிட உயரம். நிறம் மட்டும் வெளிறிய மஞ்சள்.

“டீச்சர், இருட்டுக்குள்ளதான் நல்லா வளருது!”

பின்வரிசையிலிருந்து ஒருத்தி எழுந்தாள். “எங்க அப்பத்தா முளைப்பாரியை இருட்டுலதான டீச்சர் வைக்கும். அதுவும் மஞ்சளாத்தான் இருக்கும்.”

ஆண்டுதோறும் முளைப்பாரி பார்க்கிறேன். இந்தப் பாடத்தோடு அதை நான் ஒருநாளும் சேர்த்துப் பார்த்ததில்லை. அப்படியென்றால் வெளிச்சம் எதற்கு என்று அடுத்த கேள்வி. விதைக்குள்ளேயே கட்டுச்சோறு இருக்கிறது, அது தீர்ந்த பிறகுதான் வெளிச்சம் வேண்டும் என்று அவர்களே வந்து சேர இன்னும் ஒரு வாரம் ஆனது. கட்டுச்சோறு என்ற சொல் மட்டும் நான் கொடுத்தது.

இரண்டையும் பிரித்துக் காட்டியது பராமரிப்புதான். அட்டை கடையில் கிடைக்கும் பொருள் இல்லை. ஒன்று தொலைந்தால் ஏணியில் ஒரு படி போச்சு. என் வகுப்பில் லேமினேஷன் உரிந்தது பாதி, எலி தின்றது கொஞ்சம், நானே எங்கோ வைத்து மறந்தது மீதி. மூன்றாம் ஆண்டில் விட்டுப்போன படிகளை வெள்ளைத்தாளில் கையால் எழுதி ஒட்டிக்கொண்டிருந்தேன். பிள்ளை கற்கிறதோ இல்லையோ, தட்டில் அட்டைகள் வரிசையாக இருக்க வேண்டும் என்பதே என் கவலையாகிப்போனது.

கேள்விக்குப் பத்து ரூபாய்ப் பயறு போதும். ஆனால் செலவே இல்லை என்று நினைத்துவிட வேண்டாம். அது டீச்சர் தலையில் விழுகிறது. இரண்டு பாடவேளையில் முடிய வேண்டியது இரண்டு வாரம் இழுக்கும். விடை நாக்கு நுனியில் நிற்கும்போது வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும். சத்தம் கேட்டுப் பக்கத்து வகுப்பிலிருந்து தலைமையாசிரியர் எட்டிப் பார்ப்பார். சோதனை கெட்டும் போகும். ஒரு வருடம் தண்ணீர் அதிகமாகிப் பயறு முழுக்க அழுகி வகுப்பே நாறியது. அட்டை கிழிந்தால் வேலை நின்றுவிடும். அழுகிய பயறை வைத்து அடுத்த இரண்டு நாள் ஓட்டினோம்.

அதற்காக எல்லாப் பாடத்துக்கும் இதையே சொல்ல மாட்டேன். எழுத்துக்கூட்டத் தடுமாறும் பிள்ளைக்குப் படிப்படியாகப் போகும் வழிதான் நல்லது. ஒன்று முதல் மூன்று வகுப்புகளுக்கு 2022இல் வந்த எண்ணும் எழுத்தும் திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்திருப்பதும் அதே யோசனைதான். கணக்கில் பின்னத்துக்கு மட்டும் ஒரே ஒரு முறை கேள்வி வழியை முயன்றேன். பாதி வகுப்பு கொய்யாப்பழத்தைத் தின்றுவிட்டது. அதை வைத்து ஒன்றும் சொல்வதற்கில்லை. என் அனுபவம் 22 பிள்ளைகளோடு சரி. நாற்பது பேர் உள்ள வகுப்பில் இதைச் செய்து பார்த்தவர்கள்தான் அதைப் பற்றிச் சொல்ல வேண்டும். வாய்ப்பாடு இன்றைக்கும் காலையில் கோரஸாகத்தான்.