ஏறி இறங்கிய மார்க்ஷீட்டைக் காட்டியே எங்களிடம் ₹85,000 வாங்கிவிட்டார்கள்

பிளஸ் டூ முடித்த பிள்ளை வீட்டில் இருந்தால் இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். ₹85,000 போய்விட்டது. நேற்று, அதை வாங்கிய கல்லூரிச் சேர்க்கை ஆலோசனை மையத்தின் மாடிப்படியில் சாயங்காலம் வரை உட்கார்ந்திருந்துவிட்டு வந்து, தூக்கம் வராமல் எழுதுகிறேன். ஒரு பாடத்தில் தொண்ணூறுக்கு மேலும் இன்னொன்றில் அறுபதும் வாங்கிய பிள்ளைக்கு எங்கெல்லாம் விண்ணப்பிக்கலாம் என்று நான் பட்டுத் தெரிந்துகொண்டதையும் கடைசியில் எழுதுகிறேன்.

என் மகளின் மதிப்பெண்: தமிழ் 96, ஆங்கிலம் 89, கணிதம் 94, இயற்பியல் 61, வேதியியல் 68, கணினி அறிவியல் 97. மொத்தம் 505. மொத்தத்தை மட்டும் கேட்டவர்கள் வாழ்த்தினார்கள். தனித்தனியாகக் கேட்டவர்கள் "ஏன் இப்படி?" என்றார்கள். அவள் பள்ளியில் இயற்பியல் ஆசிரியை பேறுகால விடுப்பில் போனபிறகு பல மாதங்கள் மாற்று ஆள் வரவில்லை. பிள்ளைகள் பழைய நோட்டுகளை வாங்கித் தாங்களே படித்தார்கள். ரிசல்ட் வந்த அன்று இவள் 97-ஐப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. 61, 61 என்றே சொல்லி அழுதுகொண்டிருந்தாள்.

நான் தையல் வேலை பார்க்கிறேன். வீட்டுக்காரர் வெளியூரில் லாரி ஓட்டுகிறார். எங்கள் இரண்டு பேர் குடும்பத்திலும் கல்லூரிக்குப் போனவர்கள் கிடையாது. துணி தைக்க வரும் ஒரு அக்காதான் அந்த மையத்தைச் சொன்னார். பேருந்து நிலையத்துக்கு எதிரே, முதல் மாடியில், ஏசி போட்ட அறை. சுவர் முழுக்கப் பல்கலைக்கழகக் கட்டடங்களின் படம். பெயர் போட முடியாது, ஆனால் உங்கள் ஊரிலும் இப்படி ஒன்று இருக்கும். மே, ஜூன் மாதங்களில் மட்டும் பேனர் பெரிதாகத் தெரியும்.

அங்கே இருந்த மேடம் மார்க்ஷீட்டை வாங்கியதும் என்னிடம் பேசவில்லை. மகளைப் பார்த்து, "பிசிக்ஸ்ல என்னம்மா ஆச்சு?" என்று கேட்டார். ரிசல்ட் வந்ததிலிருந்து அதை அந்த மாதிரித் தணிவாகக் கேட்டது அவர் ஒருவர்தான். இவள் ஆசிரியை விடுப்பில் போனது, நோட்டு கடன் வாங்கியது, செய்முறைத் தேர்வுக்கு முந்தின நாள் காய்ச்சல் வந்தது எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். அந்தம்மா குறுக்கே பேசாமல் கேட்டார். பிறகு, "இதை அப்படியே ஒரு கடிதமா எழுதிக் கொண்டு வா. யுனிவர்சிட்டிக்கு அனுப்புவோம். மார்க் குறைஞ்சதுக்குக் காரணம் தெரிஞ்சா அவங்க பார்க்கிற பார்வையே வேற" என்றார்.

நான் விழுந்தது அங்கேதான். பணத்தைப் பற்றிப் பேச ஆரம்பிக்கும் முன்பே நான் நம்பிவிட்டேன். வீட்டுக்கு வரும் வழியில் பஸ்ஸில் மகள் சிரித்துக்கொண்டே வந்தாள். அன்று ராத்திரியே இரண்டு பக்கம் எழுதினாள், நான்கு முறை திருத்தி எழுதினாள்.

மறுநாள் கணக்குச் சொன்னார்கள். ஆலோசனைக் கட்டணம் ₹25,000. எட்டுப் பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பிக்க ₹10,000. ஒரு நிகர்நிலைப் பல்கலைக்கழகத்தில் கம்ப்யூட்டர் சயின்ஸ் சீட்டைப் "பிளாக்" பண்ண ₹50,000. "இந்த மார்க்ஷீட் ஏறி இறங்கி இருக்கு அக்கா. கவர்மென்ட் கவுன்சலிங்கை மட்டும் நம்பினா இயற்பியலைப் பார்த்துத் தள்ளிடுவாங்க. பிளஸ் ஒன் மார்க்கையும் கேட்பாங்க" என்றார். கூட்டுறவு வங்கியில் என் தாலிச் சங்கிலியைத் தவிர இருந்ததையெல்லாம் வைத்து ₹85,000 கொண்டுபோய்க் கொடுத்தேன். அசல் மதிப்பெண் பட்டியலையும் மாற்றுச் சான்றிதழையும் "சரிபார்க்க" என்று வாங்கி வைத்துக்கொண்டார்கள். அரசு பொறியியல் கலந்தாய்வுக்கும் அவர்களே பதிவு செய்வதாகச் சொன்னார்கள். அந்தப் பதிவில் அவர்களுடைய மொபைல் நம்பரைப் போட்டிருக்கிறார்கள். ஓடிபி எல்லாம் அங்கேதான் போனது. எனக்கு அது அப்போது பெரிதாகப் படவில்லை, நமக்கு அலைச்சல் மிச்சம் என்றுதான் நினைத்தேன்.

அப்புறம் ஆரம்பித்தது. எட்டு விண்ணப்ப எண்ணையும் கேட்டேன். "சிஸ்டத்துல ஏறிட்டிருக்கு" என்றார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டால் "மேடம் மீட்டிங்ல இருக்காங்க". வாட்ஸப்பில் நீல டிக் விழும், பதில் வராது. மகள் கடிதத்துக்கு என்ன பதில் வந்தது என்று கேட்டாள். "கமிட்டி பார்க்குது" என்றார்கள். என்ன கமிட்டி, எந்த ஊர்க் கமிட்டி என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை.

அரசு கலந்தாய்வின் இரண்டாம் சுற்று முடிந்ததும் ஒரு ஸ்கிரீன்ஷாட் அனுப்பினார்கள். எந்த இடமும் ஒதுக்கப்படவில்லை. உடனே போன். "நான்தான் சொன்னேனே அக்கா, இந்த மார்க்குக்கு அங்க கிடைக்காதுன்னு. இன்னும் ஒண்ணரை லட்சம் கட்டிட்டா மேனேஜ்மென்ட் சீட்டை இன்னிக்கே முடிச்சிடலாம். நாளைக்கு இருக்காது." அதுவரை நாட்கணக்கில் போனை எடுக்காதவர் அன்று ஒரே நாளில் ஐந்து முறை கூப்பிட்டார்.

நான் அதையும் புரட்டக் கிளம்பியிருப்பேன். எதிர்வீட்டுப் பையன் இனிப்புக் கொண்டுவந்தான். அவனுக்கு கட்-ஆஃப் 151. எங்கள் இட ஒதுக்கீட்டுப் பிரிவேதான். பக்கத்திலேயே ஒரு நல்ல கல்லூரியில் ஈ.சி.ஈ. கிடைத்திருக்கிறது. என் மகளுக்கு கட்-ஆஃப் 158.5. அவனுக்குக் கிடைத்தது இவளுக்கு ஏன் கிடைக்கவில்லை?

அவன்தான் உட்கார்ந்து எங்களுக்கு எல்லாவற்றையும் விளக்கினான். பொறியியல் கட்-ஆஃப் 200-க்கு. கணிதம் 100 அப்படியே சேரும், இயற்பியலும் வேதியியலும் பாதிப் பாதி. 94, அதோடு 30.5, அதோடு 34. பிளஸ் ஒன் மதிப்பெண்ணுக்கு அதில் இடமே இல்லை. கடிதம் எழுதி விளக்கவும் இடம் இல்லை, யாரும் மார்க்ஷீட்டைப் பார்த்து முகம் சுளிப்பதும் இல்லை. தரவரிசையை இந்த எண் தீர்மானிக்கிறது, எண் சமமானால்தான் கணிதம், இயற்பியல் என்று ஒவ்வொன்றாகப் பார்க்கிறார்கள். இவள் கணிதத்தில் 61-உம் இயற்பியலில் 94-உம் வாங்கியிருந்தால் மொத்தம் அதே 505 இருந்திருக்கும், கட்-ஆஃப் 142-க்கு இறங்கியிருக்கும். அதாவது இவளுடைய ஏற்ற இறக்கம் இவளுக்குச் சாதகமான பக்கத்தில்தான் இருந்திருக்கிறது. எந்த 61-ஐக் காட்டி எங்களைப் பயமுறுத்தினார்களோ, அதனால் குறைந்தது வெறும் 19.5. இது தெரியாமல் என் பிள்ளை இரண்டு மாதம் அழுதிருக்கிறாள்.

மகளைக் கூட்டிக்கொண்டு அரசு உதவி மையத்துக்குப் போய் எழுதிக் கொடுத்து, கணக்கை எங்கள் நம்பருக்கு மாற்றி உள்ளே போய்ப் பார்த்தோம். விருப்பப் பட்டியலில் எத்தனை கல்லூரி வேண்டுமானாலும் போடலாம், வரம்பு கிடையாது. நூறு, நூற்றைம்பது போடுகிறவர்கள் இருக்கிறார்கள். இவளுக்கு ஆறே ஆறு போட்டிருந்தார்கள். ஆறும் கம்ப்யூட்டர் சயின்ஸ். முதலில் கிண்டி பொறியியல் கல்லூரி, அடுத்து குரோம்பேட்டை எம்.ஐ.டி. அங்கே கம்ப்யூட்டர் சயின்ஸ் கட்-ஆஃப் 200-ஐ ஒட்டியே நிற்கும் என்பது இந்த வேலையைப் பிழைப்பாகச் செய்கிறவர்களுக்குத் தெரியாதா? கிடைக்கக் கூடாது என்றே போட்டிருக்கிறார்கள். இங்கே கிடைத்துவிட்டால் நான் அந்த ஒன்றரை லட்சத்தைக் கட்டமாட்டேனே. பணத்தை விட எனக்கு இதுதான் ஆறவில்லை. ₹85,000-ஐத் தைத்துச் சம்பாதித்துவிடுவேன். இரண்டாம் சுற்று திரும்பி வராது. மீதி இருக்கிற இடங்களுக்குத்தான் இனி அவள் போட்டியிட முடியும்.

அந்த நிகர்நிலைப் பல்கலைக்கழகத்தின் சேர்க்கை அலுவலகத்துக்கே போன் போட்டேன். மகள் பெயரில் விண்ணப்பம் இருக்கிறதாம், ₹50,000 வரவில்லையாம். அவர்கள் நடத்தும் நுழைவுத் தேர்வு எழுதினால்தான் தரவரிசையாம், இவள் தேர்வுக்கே வரவில்லையாம். தேர்வு நடந்ததே எங்களுக்குத் தெரியாது. எட்டில் விண்ணப்பம் போனது மொத்தம் இரண்டுக்கு.

யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) 2018-இல் போட்ட அறிவிப்பின்படி, சேர்ந்த மாணவர் கடைசித் தேதிக்கு 15 நாள் முன்பு விலகினால் பல்கலைக்கழகம் செயலாக்கக் கட்டணமாக அதிகபட்சம் ₹5,000 போக மீதிக் கட்டணத்தையெல்லாம் திருப்பித் தரவேண்டும், அசல் சான்றிதழைப் பிடித்து வைக்கக் கூடாது. அந்தத் தைரியத்தில் ரசீதை எடுத்துப் பார்த்தேன். "பயிற்சிக் கட்டணம், திருப்பித் தரப்படமாட்டாது" என்று மையத்தின் பெயரில் எழுதியிருக்கிறது. பல்கலைக்கழகத்தின் பெயர் எங்கேயும் இல்லை. பணம் அங்கே போகவே இல்லாதபோது அவர்களிடம் நான் எதைத் திருப்பிக் கேட்பது?

மையத்துக்கு நேரில் போனேன். முதல் நாள் "கிளை மேனேஜர் மாறிட்டார்". அடுத்த முறை "தலைமை அலுவலகத்துக்கு மெயில் போடுங்க, 72 மணி நேரத்துல பதில் வரும்". 72 மணி நேரம் மூன்று தடவை கழிந்துவிட்டது. நேற்று அந்த மேடமே வந்தார். "நாங்க சேவை கொடுத்துட்டோம் அக்கா, உங்க பொண்ணு மார்க்குதான் ஒத்துழைக்கலை" என்றார். மகள் பக்கத்தில் நிற்கும்போதே சொன்னார். அசல் சான்றிதழ்கள் கைக்கு வராமல் எழுந்திரிக்கமாட்டேன் என்று படியில் உட்கார்ந்துவிட்டேன். மேலே ஏறி வந்த இரண்டு குடும்பங்களிடம் ₹85,000 கதையைச் சொன்னேன், ஒரு குடும்பம் அப்படியே இறங்கிப் போனது. அதற்கப்புறம்தான் கவரைக் கொண்டுவந்து கொடுத்தார்கள்.

காவல் நிலையத்தில் புகார் கொடுத்து சி.எஸ்.ஆர். (புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான) ரசீது வாங்கியிருக்கிறேன். நுகர்வோர் உதவி எண் 1915-லும் பதிவு செய்திருக்கிறேன். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் வரையிலான வழக்குக்குக் கட்டணம் கிடையாது, அதற்கும் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

எங்கே விண்ணப்பிப்பது என்று விரிவாக எழுதுவதாகச் சொன்னேன். மணி இரண்டாகிவிட்டது, கையும் ஓடவில்லை. அவசரமாகச் சிலது மட்டும்.

பதிவில் உங்கள் மொபைல் நம்பர்தான் இருக்க வேண்டும். பாஸ்வேர்டும் ஓடிபியும் யாருக்கும் கொடுக்காதீர்கள், சொந்தக்காரராக இருந்தாலும். அசல் சான்றிதழைக் கையை விட்டு விடாதீர்கள்.

மொத்தத்தைப் பார்க்காதீர்கள், எந்தப் படிப்பு எந்தப் பாடத்தை எண்ணுகிறது என்று பாருங்கள். பொறியியலில் கணிதம் மட்டும் முழுதாகச் சேரும். அரசு கலை அறிவியல் கல்லூரியில் மொழிப்பாடம் போக மீதி நான்கையும் 400-க்குப் பார்க்கிறார்கள். என் மகளுக்கு அது 320. அங்கே அவளுடைய கணினி அறிவியல் 97 முழுசாக எண்ணப்பட்டிருக்கும். பி.எஸ்சி.க்கு ஒரு விண்ணப்பம் போட்டு வைத்திருக்கலாம், அதைக்கூட அந்த மையம் சொல்லவில்லை. கல்லூரி வாரியாகப் போன வருடக் கட்-ஆஃப் கலந்தாய்வு இணையதளத்திலேயே இலவசமாக இருக்கிறது. உங்கள் இட ஒதுக்கீட்டுப் பிரிவுக்கு எவ்வளவு என்று பார்த்து, பிள்ளையின் எண்ணுக்கு மேலே கொஞ்சம், சமமாக நிறைய, கீழேயும் தாராளமாகப் போடுங்கள். பிடித்ததை முதலில் வையுங்கள்.

பணம் கட்டினால் பல்கலைக்கழகத்தின் கணக்கிலேயே கட்டுங்கள். சீட்டுக்காக நன்கொடை வாங்குவதைத் தடைசெய்து தமிழ்நாட்டில் 1992-லிருந்து சட்டம் இருக்கிறது. "நாளைக்கு இருக்காது" என்று யாராவது சொன்னால் அன்றைக்குக் கட்டாதீர்கள்.

கவரில் மதிப்பெண் பட்டியலும் மாற்றுச் சான்றிதழும் இருந்தன. மகள் எழுதிய அந்த இரண்டு பக்கக் கடிதம் இல்லை. கேட்டால் "அது ஃபைல்ல எங்கயோ இருக்கும்" என்கிறார்கள். நாளை காலை பத்து மணிக்கு அதற்காகவும் ₹85,000-க்காகவும் மறுபடி போகிறேன்.