ஓர் ஈயின் பெயரை யாரிடம் கேட்பது?

பெங்களூரு அல்சூரில் எங்கள் மொட்டைமாடியில் ஏழெட்டுத் துளசித் தொட்டிகள் இருக்கின்றன. கதிர் விட்டுவிட்டால் காலை எட்டு மணிக்கே பூச்சிகள் மொய்க்கத் தொடங்கிவிடும். ஒருநாள் மஞ்சளும் கறுப்புமாகப் பட்டை போட்ட ஒன்று பூவின் முன் அந்தரத்தில் அசையாமல் நின்றது. கைப்பேசியில் எடுத்த படத்தை ஒரு படத்தேடல் செயலியில் போட்டேன். தேனீ என்றது.

படத்தைப் பெரிதாக்கினேன். தெரிந்தது ஒரே ஜோடி இறக்கை. இதை மட்டும் நம்பக் கூடாது. தேனீயின் நான்கு இறக்கைகளும் கொக்கி போட்டு ஒட்டிக்கொள்வதால் படத்தில் இரண்டாகத்தான் தெரியும். உணர்கொம்புதான் நல்ல சாட்சி. தேனீக்கு அது நீண்டு, முழங்கைபோல் மடங்கியிருக்கும். என் படத்தில் இருந்ததோ முகத்தில் ஒட்டிய குட்டைக் குமிழ், அதிலிருந்து ஒரு மயிரிழை. தேனீயின் வேடத்தில் திரியும் சிர்ஃபிட் ஈ அது.

இப்படிப்பட்ட இடத்தில்தான் படத்தேடல் சறுக்குகிறது. அது தோற்றத்தோடு தோற்றத்தை ஒப்பிடுகிறது. இந்த ஈக்கள் பிழைத்திருப்பதே இன்னொன்றின் தோற்றத்தால். தொட்டிச் செடியின் பெயர் அறிய அது போதும். ஈக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

உயிரினங்களின் படங்களைப் பதிந்து பெயர் அறிய உதவும் ஐநேச்சுரலிஸ்ட் (iNaturalist) தளம் வேறு ரகம். 2008-இல் கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழக மாணவர்களின் திட்டமாகத் தொடங்கியது. படத்தோடு இடமும் தேதியும் வாங்கிக்கொள்கிறது. இனம் உறுதியில்லை என்றால் பேரினத்தோடோ குடும்பத்தோடோ நின்றுகொள்கிறது. எனக்கு மிகவும் பிடித்த குணம் அதுதான். பிறகு மனிதர்கள் வந்து திருத்துகிறார்கள். பெயர் சொன்னவர்களில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் ஒரே இனத்தில் ஒத்துப்போனால் அந்தப் பதிவு 'ஆய்வுத் தரம்' என்ற முத்திரை பெறுகிறது. குறையும் உண்டு. நிறையப் படங்கள் சேர்ந்துள்ள இனங்களையே அதன் கணினி கற்றிருக்கிறது. அதிகம் படம்பிடிக்கப்படாத நம்மூர் ஈயைத் தனக்குத் தெரிந்த உறவுக்கார ஈயாகச் சொல்லிவிடலாம். அதற்குத் தலையாட்ட ஒருவர் கிடைத்துவிட்டால் தவறும் ஆய்வுத் தரம் ஆகிவிடும். தலையாட்டுகிறவர் எந்த அடையாளத்தைப் பார்த்தார் என்று கேட்பது நம் கடமை.

மூன்றாவது வழி, ஈயையே உருப்பெருக்கியின் கீழ் வைப்பது. சுவரில் உட்காரும் சாம்பல் நிறச் சதை ஈயை எடுத்துக்கொள்ளுங்கள். மார்பில் மூன்று கறுப்புக் கோடுகள், வயிற்றில் சதுரங்கக் கட்டம். குடும்பம் சார்கோஃபாகிடே என்று படமே சொல்லிவிடும். இனத்தை அறியப் பெரும்பாலும் ஆண் ஈயின் பிறப்புறுப்பைப் பிரித்துப் பார்க்க வேண்டும். குப்பைமேட்டுப் பச்சை ஈயும் அப்படித்தான். அது லூசிலியா, கிரைசோமையா என்ற இரு பேரினங்களில் எது என்பதை இறக்கையடிச் செதிலில் மயிர் இருக்கிறதா என்று பார்த்துச் சொல்வார்கள். கைப்பேசிப் படத்தில் அது தெரிவது அபூர்வம். பெங்களூரு ஹெப்பாளில் உள்ள தேசிய வேளாண் பூச்சி வள நிறுவனம் போன்ற இடங்களில் பதப்படுத்திய உடல்களைச் சேர்த்து வைப்பது இதற்காகத்தான். படத்தைவிட உறுதியான விடை இந்த வழியில் கிடைக்கும். ஆனால் ஈ சாக வேண்டும். என் மாடிப் பதிவுக்காக அதைச் செய்ய எனக்கு மனமில்லை.

படமே பெரும்பாலும் போதுமான ஈக்களும் உண்டு. சென்ற மாம்பழப் பருவத்தில் கீழ்வீட்டு அக்கா, "தம்பி, மாம்பழத்தின் மேல் குளவிக்குஞ்சு உட்கார்ந்திருக்கிறது, வந்து பார்" என்று கூப்பிட்டார். வயிற்றில் ஆங்கில 'T' எழுத்துப் போல ஒரு கறுப்புக் குறி. விரித்த இறக்கையின் முன்விளிம்பு நெடுக அறுபடாத மெல்லிய கறுப்புப் பட்டை. பழ ஈ, பாக்ட்ரோசெரா டார்சாலிஸ். அதன் உறவான ஸொனேட்டாவாக இருந்தால் பட்டை இடையில் அறுந்து, நுனியில் புள்ளியாகத் தெரியும். இதிலும் வல்லுநர்கள் தடுமாறியிருக்கிறார்கள்: 2005-இல் ஆப்பிரிக்காவிலிருந்து புதிய இனமாக விவரிக்கப்பட்ட பாக்ட்ரோசெரா இன்வேடென்ஸ், 2015-இல் டார்சாலிஸ்தான் என்று சேர்க்கப்பட்டது.

ஆகவே நான் ஐநேச்சுரலிஸ்டையே வைத்துக்கொண்டேன். படம் எடுக்கும் முறையைத்தான் மாற்றினேன். ஒன்று நேர் மேலிருந்து, இறக்கை நரம்பு தெரிய, ஒன்று பக்கவாட்டில், ஒன்று முகத்துக்கு நேராக. மூன்றாவது படத்துக்குள் பாதி ஈக்கள் பறந்துவிடுகின்றன. நேற்று சுவரில் வந்த சதை ஈ மூன்றுக்கும் நின்றது. அதை சார்கோஃபாகிடே என்று மட்டும் பதிந்திருக்கிறேன்.