சொந்த வேலையும் கட்சி வேலையும்: அமெரிக்க அரசு அலுவலகத்தில்

அமெரிக்க மத்திய அரசு ஊழியர் ஒருவர் மதிய இடைவேளையில் அலுவலகக் கணினியில் வங்கிக் கணக்கைப் பார்க்கிறார். பக்கத்து இருக்கைக்காரர் தன் சொந்த போனில் ஒரு வேட்பாளரின் பதிவுக்கு லைக் போடுகிறார். மாட்டிக்கொள்வது இரண்டாமவர்தான்.

சொந்த இணையப் பயன்பாட்டுக்கு ஒவ்வொரு துறையும் தனக்கென விதி வைத்துக்கொள்கிறது. வேலை கெடக்கூடாது, அரசுக்குப் பெரிய செலவு வரக்கூடாது, ஆபாசத் தளங்கள் கூடாது. மற்றபடி கொஞ்சம் கண்டும் காணாமல் விடுவார்கள்.

கட்சி விஷயத்துக்கு 1939இல் வந்த ஹேட்ச் சட்டம் இருக்கிறது. பணி நேரத்திலோ அரசுக் கட்டடத்திலோ கட்சிப் பிரசாரம் கூடாது. போன் யாருடையது என்பது கணக்கில்லை. வீட்டிலிருந்து வேலை பார்த்தாலும் பணி நேரம் பணி நேரம்தான். கட்சி மின்னஞ்சல் வந்தால் படிக்கலாம், நண்பருக்கு அனுப்பக்கூடாது. தேர்தல் நிதி கேட்பதோ ஞாயிற்றுக்கிழமை வீட்டிலிருந்துகூடக் கூடாது. தண்டனை கண்டிப்பில் தொடங்கிப் பணிநீக்கம் வரை போகும்.

முதல் விதி காப்பது நேரத்தையும் கருவியையும். இரண்டாவது, அரசு எந்தக் கட்சிக்கும் சொந்தமில்லை என்ற நம்பிக்கையை. அதனால் கடுமை நியாயம்தான். ஆனால் எல்லார் மேலும் ஒரே மாதிரி பாய்கிறதா? 2019இல் வெள்ளை மாளிகை ஆலோசகர் கெல்லியான் கான்வே ஹேட்ச் சட்டத்தை மீறினார் என்று அவரை நீக்கச் சொல்லி, அந்தச் சட்டத்தை அமல்படுத்தும் சிறப்பு ஆலோசகர் அலுவலகமே பரிந்துரைத்தது. டிரம்ப் கேட்கவில்லை, கான்வே பதவியில் தொடர்ந்தார்.