இன்ஸ்டாகிராம் விளம்பரத்துக்குக் கொடுத்த 42,000 ரூபாய்: சிறு கடை நடத்துவோர் கவனத்திற்கு

மதுரையில் கைமுடிச்சுச் சுங்குடிப் புடவை விற்கும் சிறு கடை எங்களுடையது. சமூக ஊடகத்தில் வியாபாரத்தைப் பெருக்கித் தருவதாகச் சொன்ன ஒரு டிஜிட்டல் மார்க்கெட்டிங் நிறுவனத்திடம் 42,000 ரூபாய் கொடுத்து ஏமாந்திருக்கிறேன். பணம் திரும்ப வராது என்பது நேற்று இரவுதான் உறுதியானது. தீபாவளி நெருங்கும் நேரத்தில் இவர்கள் இன்னும் பல கடைகளின் படியேறுவார்கள் என்பதால், ஆத்திரம் அடங்குவதற்கு முன்பே எழுதிவிடுகிறேன்.

அந்த நிறுவனத்தின் இளைஞர் ஒருவர் நேரில் வந்தார் என்பதுதான் என்னை நம்ப வைத்தது. பிரிக்காத முடிச்சுகளோடு இருந்த ஒரு புடவையை எடுத்து விரல் நுனியால் தடவிப் பார்த்து, "இதே மாதிரி ஒன்றை எங்கள் அம்மா பெட்டிக்குள் பத்திரமாக வைத்திருக்கிறார், அக்கா" என்றார். மெழுகு அச்சுப் புடவைக்கும் கைமுடிச்சுக்கும் வேறுபாடு தெரிந்த ஒருவர் பொய் சொல்ல மாட்டார் என்று என் மனம் முடிவு செய்துவிட்டது. 15,000 ரூபாய் அவருடைய கூலி, 27,000 ரூபாய் இன்ஸ்டாகிராமை நடத்தும் மெட்டா நிறுவனத்துக்குச் செல்லும் விளம்பரத் தொகை என்று கணக்குச் சொன்னார். அவர் காபி குடித்து முடிப்பதற்குள் 42,000 ரூபாயையும் ஜிபேயில் அனுப்பினேன். எங்கள் இன்ஸ்டாகிராம் கணக்கின் கடவுச்சொல்லைக் கேட்டார், கொடுத்தேன். கைப்பேசிக்கு வந்த ஓடிபியையும் நானே வாய்விட்டுப் படித்துச் சொன்னேன்.

அதுவரை எங்கள் பக்கத்தைப் பின்தொடர்ந்தவர்கள் 900 பேர்தான். ஆனால், சாயம் காய்ந்த புடவையை இருபுறமும் பிடித்து இழுக்கும்போது முடிச்சுகள் படபடவென்று அவிழ்வதைப் படம்பிடித்துப் போட்ட ஒரு காணொளியைப் பார்த்து, கோயம்புத்தூரிலிருந்து ஒரே வாரத்தில் 6 புடவைகள் கேட்டு வாங்கினார்கள். அந்தக் காணொளிகளை எல்லாம் "தரம் போதவில்லை" என்று நீக்கிவிட்டு, எந்தக் கடைக்கும் பொருந்தக்கூடிய தள்ளுபடிப் படங்களை அவர்கள் போட்டார்கள். மூன்று வாரத்தில் பின்தொடர்வோர் 11,000 ஆனார்கள். ஒருவர்கூட விலை கேட்கவில்லை. பின்தொடர்வோர் விவரத்தைக் காட்டும் இன்சைட்ஸ் பகுதியைத் திறந்து அவர்களுடைய ஊர்களைப் பார்த்தபோது, நாங்கள் ஒரு புடவைகூட அனுப்பியிராத வெளிநாட்டு நகரங்களே வரிசையாக இருந்தன. காசு கொடுத்துச் சேர்த்த போலிக் கணக்குகள் அவை.

அந்த இளைஞரைக் கேட்டபோது, "லேர்னிங் ஃபேஸ் முடியட்டும், அக்கா" என்றார்; விளம்பரத்தை யாருக்குக் காட்டுவது என்று மெட்டா கற்றுக்கொள்ளும் தொடக்கக் காலமாம் அது. இரண்டு வாரம் கழித்து, யாருக்கு எதைக் காட்டுவது என்று முடிவு செய்யும் அல்காரிதம் மாறிவிட்டது என்றார். அதன்பின் போனை எடுத்த பெண், அவர் மீட்டிங்கில் இருப்பதாக ஐந்து நாட்கள் தொடர்ந்து சொன்னார். 27,000 ரூபாய்க்கு மெட்டாவின் ரசீதைக் கேட்டதற்கு, அவர்களே தட்டச்சு செய்த ஒரு தாள் வந்தது. விளம்பரத்தை அவர்களுடைய விளம்பரக் கணக்கிலிருந்தே ஓட்டியதாகச் சொல்வதால், உண்மையில் எவ்வளவு செலவானது என்று பார்க்கும் வழியே எனக்கு இல்லை. நேரில் போனால், அந்த முகவரியில் ஒரு கணினிப் பயிற்சி மையம் இருக்கிறது. நேற்று இரவு வந்த கடைசிச் செய்தி: "சேவை வழங்கப்பட்டுவிட்டது, தொகை திருப்பித் தரப்படாது." கணக்கின் மின்னஞ்சலும் தொலைபேசி எண்ணும் அவர்களுடையதாக மாற்றப்பட்டிருப்பதையும் அப்போதுதான் கண்டேன். கணக்கைத் திருப்பித் தர மேலும் 5,000 ரூபாய் கேட்கிறார்கள்.

அந்த 42,000 ரூபாய், பருத்தித் துணி வாங்கவும், வீட்டிலிருந்தபடியே நாள் முழுவதும் நகத்தால் துணியைக் கிள்ளி முடிச்சுப் போடும் பெண்களுக்குக் கூலி கொடுக்கவும் வைத்திருந்த பணம்.

சமூக ஊடகத்தை எப்படிப் பயன்படுத்துவது என்று விரிவாக எழுத நினைத்தேன், இப்போது கை ஓடவில்லை. கடவுச்சொல்லையும் ஓடிபியையும் யாரிடமும் சொல்லாதீர்கள். விளம்பரக் கணக்கு உங்கள் பெயரில், உங்கள் வங்கி அட்டையில் இருக்கட்டும், அவர்களுக்கு விளம்பரம் போடும் அனுமதி மட்டும் கொடுத்தால் போதும். பின்தொடர்வோர் எண்ணிக்கையை உறுதியளிப்பவரை வாசலிலேயே அனுப்பிவிடுங்கள். உங்கள் பழைய காணொளிகளை நீக்க விடாதீர்கள். பணம் போய்விட்டால் உடனே சைபர் குற்றப் புகாருக்கான 1930 எண்ணை அழையுங்கள், நான் ஆறு வாரம் தாமதித்துவிட்டேன். முடிச்சுப் போடும் பெண்கள் கூலிக்காக மாலையில் வருவார்கள், அதற்குள் பணம் புரட்ட வேண்டும்.