டொக்டர் ராக்கெட்டோடு இரண்டரை வருஷம்

ஃபங்ஷனல் புரோகிராமிங் (மதிப்புகளை மாற்றாமல் ஃபங்ஷன்களாலேயே கணக்குப் போடும் முறை) படிக்க நான் முதலில் தொட்டது ஹாஸ்கெல் என்ற மொழி. மூன்றாவது வாரம் மோனாட் என்ற கடினமான கருத்து வந்தது, மூடிவைத்துவிட்டேன். பிறகுதான் டொக்டர் ராக்கெட், ராக்கெட் என்ற மொழியில் எழுதி ஓட்டிப்பார்க்கும் மென்பொருள். ஹட்டன் பக்கத்துத் தோட்ட லயத்தில் இருந்துகொண்டு இரண்டரை வருஷமாக இதைப் பாவிக்கிறேன். ஒருமுறை இறக்கிக்கொண்டால் இன்டர்நெட் தேவையில்லை. மழை பிடித்தால் சிக்னல் போய்விடும் எங்கள் பக்கத்துக்கு அது பெரிய விஷயம்.

ராக்கெட், லிஸ்ப் குடும்பத்து மொழி. 2010 வரை பிஎல்டி ஸ்கீம் என்று பெயர். டொக்டர் ராக்கெட்டுக்குள் மாணவர் மொழிகள் ஐந்து படிகளாக இருக்கின்றன. முதல் படியில் லூப் (ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யும் கட்டளை) கிடையாது. பெயர் வைத்த மதிப்பை மாற்றவும் முடியாது. மாற்றும் வசதி ஐந்தாம் படியில்தான் வரும். ஜாவாஸ்கிரிப்ட் பழகின எனக்கு முதல் மாதம் கையைக் கட்டிப்போட்ட மாதிரி இருந்தது.

அம்மாவின் கொப்பிதான் வழி காட்டியது. அரைப்பேர் (அரைநாள் சம்பளம்) விழுந்தால் கேட்கவேண்டுமே என்று, கொழுந்து நிறுத்த கிலோவை அன்றன்றே பேனையால் எழுதிவைப்பார். எழுதினதை அழிக்கவே மாட்டார். மாசக் கடைசியில் கணக்கை வேறு தாளில்தான் போடுவார். மூன்றாம் படிக்கு வந்ததும் அதையே எழுதிப் பார்த்தேன்: 21, 16, 24, 18. நோம் (ஒரு நாளைக்குப் பறிக்கவேண்டிய கிலோ) 18 என்று வைத்து, எட்டாத நாளை ஃபில்டரில் கழித்தேன். மிச்ச நாட்களின் மேலதிகக் கிலோவை, ஒவ்வொன்றுக்கும் ஒரே கணக்கைப் போடும் மேப் எடுத்துத் தந்தது: 3, 6, 0. முதலில் எழுதின கிலோக்கள் அப்படியே இருந்தன. கூட்டுகிற ஃபங்ஷனை ரிகர்ஷனில் (ஃபங்ஷன் தன்னையே திரும்ப அழைப்பது) நானே எழுதி, கணக்கை ஒவ்வொரு அடியாகக் காட்டும் ஸ்டெப் பட்டனை அழுத்தினேன். இடப்பக்கம் அடுத்துக் கணக்குப் பார்க்கிற துண்டு பச்சையில், வலப்பக்கம் அதன் விடை ஊதாவில். மூன்று ஆறுக்காகக் காத்திருக்க, ஆறு சைபருக்காகக் காத்திருக்க, பின்னாலிருந்து ஒவ்வொன்றாகச் சுருங்கி 9 வந்தது. ரிகர்ஷன் எனக்கு விளங்கியது அந்த ராத்திரிதான்.

குறையும் உண்டு. என் பழைய லெப்டொப்பில் திறக்கவே நேரமெடுக்கும். மாணவர் மொழியை விட்டு முழு ராக்கெட்டுக்குப் போனால், ஃபங்ஷன் சரியா என்று பார்க்க அதுவரை எழுதின டெஸ்டுகள் அப்படியே ஓடாது. அதற்கான கோட் நூலகத்தைத் தனியாக அழைக்கவேண்டும். இதை வைத்து வேலை கிடைக்கும் என்றும் நம்பவேண்டாம். ஆனால் வேலையில் ஜாவாஸ்கிரிப்ட் எழுதும்போது மேப்பும் ஃபில்டரும் இப்போது தானாகவே கைக்கு வருகின்றன. ஹாஸ்கெலையும் திரும்பத் திறந்திருக்கிறேன்.

ஓ எல் எழுதிவிட்டு வீட்டில் இருக்கும் தங்கச்சி இரண்டாம் படியில் இருக்கிறாள். ஃபங்ஷன்களுக்குத் தமிழிலேயே பெயர் வைக்கிறாள், ராக்கெட் ஏற்றுக்கொள்கிறது.